திருவிழிச்சில் முருகனும் விளக்குக்கு வைத்த பொன்னும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் செல்லும் அன்பர்கள், அவ்வூரை அடைவதற்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் முன்பாகப் புலிக்குகை என்னும் பெயர்ப்பலகையைக் கடந்து செல்கின்றனர். பள்ளிச் சுற்றுலா வண்டிகள் அங்கே நிற்கும். குடும்பத்துடன் ஆலய தரிசனத்துக்குப் புறப்பட்டவர்களின் வண்டிகள் பெரும்பாலும் நிற்பதில்லை. குகையில் வழிபாடு இல்லை, பிறகு எதற்கு இறங்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்தப் பலகையைத் தாண்டிச் சவுக்குத் தோப்புகளுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் சிற்றூர் சாளுவன்குப்பம். விஜயநகரப் பேரரசின் சாளுவ நரசிம்மன் பெயரால் இவ்வூர் வழங்குகிறது என்பர். மீன் வலைகளும் படகுகளும் மணல் மேடுகளுமாகக் காட்சி தரும் இக்குப்பத்துக்கு அதனினும் பழமையான பெயர் ஒன்று உண்டு. திருவிழிச்சில் என்பது அது. 'திரு' என்னும் அடைமொழி ஓர் ஊருக்குக் காரணமின்றி அமைவதில்லை. இங்கே சுப்பிரமணியர் எழுந்தருளியிருந்தார். பல நூற்றாண்டுகள் விளக்கேற்றி வழிபடப்பட்டார். பின்னர் மணல் மூடிற்று, ஊராரும் மறந்தனர்.

மணல் விலகிய கதையை முதலில் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் பொங்கி வந்ததைத் தமிழகக் கடற்கரையில் எவரும் மறந்திருக்க இயலாது. இம்மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ எண்ணாயிரம் உயிர்களை அன்று அலைகள் கொண்டுபோயின. அந்த அலைகள் திரும்பிச் சென்றபோது கரையோர மணலையும் அரித்துச் சென்றன. சாளுவன்குப்பத்துக்கு அருகே மணலில் புதைந்திருந்த ஒரு பாறையில் பழைய தமிழ் எழுத்துகள் வெளிப்பட்டன. மத்தியத் தொல்லியல் துறையினர் அவற்றைப் படித்தனர். இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு அவற்றுள் ஒன்று. திருவிழிச்சில் சுப்பிரமணியர் ஆலயத்தைப் பற்றிய குறிப்பு அப்பாறையில் இருந்தது. அப்படியோர் ஆலயம் அக்கம்பக்கத்தில் எங்கும் காணப்படவில்லை. ஆலயம் இருந்தது என்று கல் சொல்கிறது, கண்ணுக்கோ தெரியவில்லை என்றால், அது மண்ணுக்குள்தான் இருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டில் அருகிலிருந்த மணல் மேட்டை அகழ்ந்தனர். முருகன் கோயில் வெளிவந்தது.

இதனை இறைவனின் திருவிளையாடல் என்று ஒரு வார்த்தையில் சொல்லிக் கடந்துவிடுவது எளிது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கரையில் அமர்ந்திருந்த தாய்மார்களை நினைத்தால் அவ்வார்த்தையைச் சொல்ல நா எழாது. அலை வந்தது, உயிர்களைக் கொண்டுபோயிற்று, மணலையும் கொண்டுபோயிற்று. இரண்டும் நிகழ்ந்தன என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே அத்தாய்மார்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

அகழ்வில் முதலில் கிடைத்தவை பல்லவர் காலத்துக் கற்றளியின் எச்சங்கள். மேலும் தோண்டியபோது, அந்தக் கற்கோயில் அதற்கும் முற்பட்ட ஒரு செங்கல் கோயிலின் மீது எழுப்பப்பட்டது என்பது புலனாயிற்று. பூம்புகார், உறையூர், அரிக்கமேடு முதலிய இடங்களில் கிடைத்த பெரிய பழஞ்செங்கற்களை ஒத்த செங்கற்கள் இங்கே அடுக்கடுக்காக இருந்தன. அதனால் அடியிலுள்ள கோயில் சங்க காலத்தது என்பது அகழ்வு செய்தோரின் முடிவு. தமிழகத்தில் இதுவரை கண்டெடுக்கப்பட்ட முருகன் ஆலயங்களுள் இதுவே மிகத் தொன்மையானது என்றும் அவர்கள் கருதுகின்றனர். கருவறை வடக்கு நோக்கி அமைந்திருக்கிறது. கல்லில் செதுக்கிய வேல் ஒன்றும், மகளிர் கைகோத்துக் குரவைக் கூத்தாடும் காட்சியைக் காட்டும் சுடுமண் பலகை ஒன்றும் கிடைத்தன. வேலும் குரவையும் கிடைத்தபின் இங்கே இருந்தவர் யார் என்ற ஐயத்துக்கு இடமேது?

மலையும் மலை சார்ந்த இடமும் சேயோனுக்கு உரியவை என்று தொல்காப்பியம் வகுத்தது. கடற்கரையை வருணனுக்குத் தந்தது. ஆயினும் குன்றுதோறாடும் குமரனுக்கு அலைகடலோரமும் உவப்பான இடமே. திருச்செந்தூரைத் திருச்சீரலைவாய் என்ற பெயரில் ஆறுபடை வீடுகளுள் ஒன்றாகத் திருமுருகாற்றுப்படை போற்றுகிறது. அங்கே அலைகள் இன்றும் ஆலயத்தின் அடியை வருடிச் செல்கின்றன. இங்கே அலைகள் ஆலயத்தையே மூடிவிட்டன. அதுவும் ஒரு முறையன்று. செங்கல் கோயில் கடற்கோளாலோ பெரும் புயலாலோ சிதைந்திருக்கலாம் என்றும், அதன்மேல் பல்லவர் கட்டிய கோயில் பிற்காலச் சோழர் நாளில் மீண்டும் கடலால் அழிந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர் எண்ணுகின்றனர். ஒரு முறை இழந்த இடத்திலேயே மறுபடியும் கட்டினார்கள் என்பது கவனிக்கத் தக்கது. கடலுக்குத் தொலைவாக வேறு நல்ல மேட்டைத் தேடிப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை.

இனி அந்தத் தூண்களைப் பற்றிக் கூற வேண்டும். அடியார்கள் இங்கே வந்து பார்க்க வேண்டியவற்றுள் தலையாயவை அவையே. அகழ்வில் கிடைத்த தூண்களில் பல்லவ மன்னர்களான தந்திவர்மன், மூன்றாம் நந்திவர்மன் ஆகியோர் காலத்துக் கல்வெட்டுகளும், முதலாம் இராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டும் உள்ளன. மாமல்லபுரத்தைச் சேர்ந்த ஓர் அந்தணர் கார்த்திகைத் திருவிழாவுக்கென்று பொன் வைத்திருக்கிறார். ஓர் அந்தணப் பெண்மணி ஆலயத்தில் விளக்கெரிக்கப் பொன் கொடுத்திருக்கிறார். பல்லவன் போனான், இராஷ்டிரகூடன் வந்தான், சோழன் வந்தான். தஞ்சையும் காஞ்சியும் கைமாறின. 949ஆம் ஆண்டில் தக்கோலத்தில் பெரும் போர் நடந்து, சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேலேயே உயிர் நீத்தான். இத்தனைக்கும் நடுவே இந்தச் சிற்றூரில் யாரோ ஒருவர் நாள்தோறும் மாலையில் வந்து திரியைத் தூண்டிவிட்டுப் போயிருக்கிறார்.

விளக்குக்குப் பொன் வைப்பது என்பதை இக்காலத்து அன்பர்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உண்டியலில் போடும் காணிக்கை செலவழிந்துவிடும். அக்காலத்தவர் வைத்தது முதல். அதைச் செலவழிக்கலாகாது. கழஞ்சு என்பது ஏறத்தாழ ஐந்து கிராம் எடையுள்ள பொன். இத்தனை கழஞ்சு என்று நிறுத்து ஊர்ச் சபையாரிடமோ ஆலயத்தாரிடமோ ஒப்படைப்பார்கள். அவர்கள் அதனை உழவருக்கும் வணிகருக்கும் கடனாகக் கொடுப்பார்கள். வரும் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். அந்தப் பொலிசையிலிருந்து நெய்யோ எண்ணெயோ வாங்கி விளக்கெரிக்க வேண்டும். முதல் என்றும் குறையாது நிற்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் காலத்து அறக்கட்டளைகளில் காசுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, ஆண்டு வட்டியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. மூத்த குடிமக்களுக்குக் கிடைக்கும் கூடுதல் அரை விழுக்காட்டுக்காக இன்று வைப்பு நிதிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நம் அன்பர்களுக்கு இந்த வட்டி வீதம் வியப்பளிக்கும்.

பொன் இல்லாதவர் ஆடு கொடுத்தனர். ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் என்பது வழக்கம். மந்தையைப் பெற்ற இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு முதுமையுறும், சாகும். குட்டிகளும் பிறந்துகொண்டே இருக்கும். ஆகவே எண்ணிக்கை குறையாது என்னும் கணக்கில், அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்று கல்லில் பொறித்தனர். சாவையும் மூப்பையும் அறியாத ஆடுகள்! பல நூற்றாண்டுகளுக்கு முன் இதைத் தூணில் வெட்டிய சிற்பிக்குச் சிரிப்பு வந்திருக்குமோ என்னவோ.

அறக்கொடை யாவும் சந்திர சூரியர் உள்ளவரை நடைபெற வேண்டும் என்றே எழுதப்பட்டது. சந்திரனும் சூரியனும் இன்றும் இருக்கின்றனர். திருவிழிச்சிலில் விளக்கு எரியவில்லை. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். கருவறையில் மூர்த்தி இல்லை. பூசை இல்லை, தீபாராதனை இல்லை, திருநீற்றுத் தட்டும் இல்லை. அடித்தளமும் சுவர்களின் கீழ்ப்பகுதியும் தூண்களின் எச்சங்களும் வெயிலில் கிடக்கின்றன. கடற்காற்று அவற்றின்மேல் மணலைத் தூவிக்கொண்டே இருக்கிறது.

பேரப்பிள்ளைகளுடன் வரும் பெரியவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. செங்கல் அடுக்குகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாமி எங்கே பாட்டி?" என்று குழந்தை கேட்கும். "சாமி எங்கேயும் இருக்காருடா கண்ணா" என்ற வழக்கமான விடை அந்தக் குழந்தைக்குப் போதாது. அது வேலையும் மயிலையும் தேடுகிறது. அப்படிக் கேட்கும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அருகிலுள்ள அதிரணசண்ட மண்டபத்துக்குச் செல்வது நல்லது.

புலிக்குகையை ஒட்டியே சிறு பாறையைக் குடைந்து அமைத்த சிவாலயம் அது. அதிரணசண்டன் என்பது இராஜசிம்ம பல்லவன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மனின் பட்டப் பெயர்களுள் ஒன்று. ஆலயத்துக்கு அதிரணசண்ட பல்லவேசுவரம் என்று பெயரிட்டிருப்பதை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. ஒரே செய்தி தென்புறச் சுவரில் பல்லவ கிரந்த எழுத்திலும் வடபுறச் சுவரில் நாகரி எழுத்திலும் பொறிக்கப்பட்டிருப்பது இதன் சிறப்பு. மன்னனின் இசைப் புலமையை அறியவல்லவர் யார் என்று வியந்து, பிரமன், பரதர், திருமால், நாரதர் ஆகியோருடன் ஸ்கந்தனையும் அக்கல்வெட்டு வரிசைப்படுத்துகிறது. கருவறையின் பின்சுவரில் சோமாஸ்கந்த வடிவம் உள்ளது. ஈசனும் உமையும் வீற்றிருக்க, அன்னையின் மடியில் குழந்தை முருகன். பல்லவச் சிற்பிக்கு மிகவும் பிடித்தமான காட்சி இது. கடற்கரைக் கோயிலிலும் இதைக் காணலாம். "இதோ, உன்னைவிடச் சின்னக் குழந்தையாக அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிறார், பார்" என்று காட்டினால் பேரனின் முகம் மலரும். பாட்டிக்கும் சங்கடம் தீரும்.

இம்மண்டபத்தின் எதிரே ஒரு சிறு பாறையில் மகிடனோடு போரிடும் துர்க்கையின் சிற்பம் இருக்கிறது. மாமல்லபுரத்திலுள்ள பெரிய மகிடாசுரமர்த்தினிச் சிற்பத்தின் புகழில் இது மறைந்துபோயிற்று. புலிக்குகை என்பதும் பெயரளவில்தான் குகை. பாறை முகப்பில் சிறிய மண்டபமும், அதைச் சூழ்ந்து வாய் பிளந்து நிற்கும் யாளித் தலைகளும், பக்கத்தில் அம்பாரியுடன் கூடிய யானைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. யாளியைப் புலி என்று கருதி மக்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. விழாக் காலங்களில் உற்சவமூர்த்தி எழுந்தருளிய மேடையாக இது இருந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. பிள்ளைகள் இங்கேதான் நெடுநேரம் நிற்பார்கள். பெரியவர்கள் நிழலில் சற்று அமரலாம்.

விளக்கில்லாத ஆலயத்தைக் கண்ட மனம் விளக்குள்ள ஆலயத்தைத் தேடுவது இயல்பு. அதற்கு மாமல்லபுரத்தில் ஸ்தலசயனப் பெருமாள் இருக்கிறார். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றான கடல்மல்லை இது. திருமங்கையாழ்வாரால் மங்களாசாசனம் செய்யப்பெற்றது. அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும் பாறைச் சிற்பத்துக்கு முன்னால், கடைத்தெருவின் நடுவிலேயே ஆலயம் அமைந்திருக்கிறது. ஆயினும் வெளிநாட்டவர் கூட்டத்தைப் பின்தொடர்ந்து சிற்பங்களைப் பார்க்கச் செல்லும் நம்மவர் பலர் இவ்வாசலைக் கவனிப்பதில்லை. புண்டரீக மகரிஷி தாமரை மலர்களைக் கூடையில் ஏந்தி, பாற்கடலில் பள்ளிகொண்டவனின் திருவடியில் இடவேண்டும் என்று, குறுக்கே கிடந்த கடலைக் கையால் இறைத்துக்கொண்டிருந்தார் என்பது தல வரலாறு. முதியவராக வந்து பசிக்கு அன்னம் கேட்ட பெருமாள், முனிவர் உணவு கொண்டுவரச் சென்ற நேரத்தில் தாமே கடலை இறைக்கலானார். முனிவர் திரும்பி வந்தபோது, அவர் விட்டுச் சென்ற மலர்களைச் சூடிக்கொண்டு, ஆதிசேஷனும் இன்றி வெறுந்தரையில் சயனித்திருந்தாராம். இன்றும் அத்திருக்கோலத்திலேயே சேவை சாதிக்கிறார். தாயார் நிலமங்கை நாச்சியார். அடியவனைக் கடல் தாண்டி வரச் சொல்லாமல், கடல் தாண்டி அடியவனிடம் வந்தவர் இவர். முழங்கால் வலியோடு படியேறும் நம் அன்பர்களுக்கு இத்திருக்கோலத்தின் அருமை தனியே எடுத்துரைக்காமலே விளங்கும்.

முதலாழ்வார்களுள் ஒருவரான பூதத்தாழ்வார் இந்தக் கடல்மல்லையில்தான் அவதரித்தார். திருக்கோவலூரில் ஒரு மழை இரவில், இடைகழியின் இருளில் மூன்று ஆழ்வார்களும் நெருக்குண்டு நின்ற வரலாறு அன்பர்கள் அறிந்ததே. அன்பையே அகலாகக் கொண்டு ஞான விளக்கேற்றியவர் பூதத்தார். அவர் அருளிய இரண்டாம் திருவந்தாதி அவ்விளக்கிலிருந்தே தொடங்குகிறது. அந்த விளக்குக்குக் கழஞ்சு கேட்கவில்லை, உழக்கு நெய்யும் கேட்கவில்லை. அவர் பிறந்த ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் வடக்கே, பொன் வைத்தும் ஒரு விளக்கு மணலுக்குள் போய்விட்டது.

அவ்வாறு போய்விட்டது என்பதால் அந்தப் பெண்மணியின் அறம் வீணாயிற்று என்று கொள்ளலாகாது. அக்காலக் கல்வெட்டுகளில் வழக்கமாக வரும் ஒரு வாசகம் உண்டு. இந்தத் தருமத்தை வருங்காலத்தில் காப்பவர்களின் திருவடி தம் தலைமேல் இருப்பதாகுக என்று கொடையாளர் கூறுவர். பிறக்காத ஒருவரின் காலில் முன்கூட்டியே விழுந்துவிடுவது அது. தூரிகையால் மணலைத் தள்ளி எழுத்தை வெளிக்கொணர்ந்த தொல்லியல் துறைப் பணியாளரும், வெயிலில் நின்று காவல் காப்பவரும் அந்த வணக்கத்துக்கு உரியவர்களே. இங்கே பூசை நடக்கவில்லையே என்று காவலரிடம் சினந்து பேசுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. அவர்கள் காத்திராவிட்டால் இந்தச் செங்கற்கள் எப்போதோ யார் வீட்டுச் சுவரிலோ சேர்ந்திருக்கும்.

அதுபோலவே, கற்பூரத்தைத் தூணடியில் ஏற்றுவதும், குங்குமத்தைக் கல்வெட்டின்மேல் பூசுவதும் கூடாது. கல் கரிந்தால் அடுத்தவர் படிக்க எழுத்து இராது. விளக்கேற்ற விரும்பும் மனத்துக்கு வேறு வழி உண்டு. கார்த்திகைத் திருவிழாவுக்கென்று ஒருவர் பொன் வைத்த தலம் இது. மாதந்தோறும் வரும் கிருத்திகையன்று, வீட்டுப் பூசையறையில் வழக்கமாக ஏற்றும் விளக்கோடு மற்றோர் அகலையும் ஏற்றி, திருவிழிச்சில் முருகனை நினைத்து ஒரு நமஸ்காரம் செய்யலாம். உழக்கு நெய் வேண்டாம், ஒரு கரண்டி நல்லெண்ணெய் போதும்.

புறப்படுவோர் காலையிலேயே கிளம்புவது நலம். முருகன் கோயில் பகுதியில் நிழல் குறைவு. மணலில் நடக்கக் கைத்தடி உதவும். குடையும் குடிநீரும் அவசியம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் செல்லும் பேருந்துகள் சாளுவன்குப்பம் வழியே செல்கின்றன. புலிக்குகை நிறுத்தம் என்று சொல்லி இறங்க வேண்டும். வழியில் திருவிடந்தையில் இறங்கி நித்திய கல்யாணப் பெருமாளையும் சேவிக்கலாம். இதுவும் திவ்விய தேசமே. வராகராக அகிலவல்லித் தாயாரைத் தாங்கி நிற்கும் இப்பெருமாளிடம், திருமணம் தள்ளிப்போகும் பிள்ளைகளின் ஜாதகத்தோடும் மாலையோடும் வருவோர் கூட்டம் என்றும் உண்டு. திவ்விய தேசங்கள் இரண்டிலும் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். எனவே காலையில் திருவிடந்தை, பின்பு வெயில் ஏறுமுன் சாளுவன்குப்பம், மதிய உணவுக்கும் ஓய்வுக்கும் மாமல்லபுரம், மாலையில் நடை திறந்ததும் ஸ்தலசயனப் பெருமாள் என்று வைத்துக்கொண்டால், விளக்கு வைக்கும் நேரத்தில் கடல்மல்லையில் இருக்கலாம்.